அறிவிப்பாளர் இல்லாத அறிவிப்பு

2018ஆம் ஆண்டு மே மாதம் பழவேற்காட்டில் ஒரு மனிதர் கொல்லப்பட்டார். குழந்தை பிடிப்பவர் என ஐயுற்ற கூட்டம் அவரை அடித்துப் பாலத்தில் தொங்கவிட்டது. அவர் யார், எவ்வூரார் என்பதுகூட அங்கிருந்தோர்க்குத் தெரியாது. அதே நாட்களில் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குப் போகும் வழியில் சிறுவர்க்கு மிட்டாய் கொடுத்த ஒரு குடும்பத்தார் தாக்கப்பட்டு, 65 வயது மூதாட்டி மாண்டார். வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கும் கூட்டம் இறங்கியிருக்கிறது என்று கைப்பேசிகளில் சுற்றிய செய்தியே இவ்விரு கொலைகளுக்கும் வித்து.

நூல்களை மதிப்பிடும் நாம் இச்செய்தியையும் ஒரு நூலாக எண்ணி ஆராய்ந்தால் என்ன? ‘படிக்காதவர்கள் நம்பிவிட்டார்கள்’ என்று சொல்லிக் கடந்துபோவது நம் அறிஞர்கள் சிலரின் வழக்கம். அது பிழையான திறனாய்வு. சுவைப்போரின் மனத்தை அறியாமல் எந்த நூலின் ஆற்றலையும் அளக்க இயலாது. மேலும், அதை உறவினர்க்கு அனுப்பிவைத்தோரில் பட்டதாரிகளும் இருந்தார்கள். நம் வீட்டுப் பெண்மணிகளும் ‘பிள்ளைகளை வெளியே விடாதீர்கள்’ என்று அக்கறையோடுதான் அனுப்பினார்கள்.

இந்தச் சுவைஞர் வாழும் நிலத்தைப் பாருங்கள். வள்ளூரில் அனல்மின் நிலையம். அத்திப்பட்டிலும் காட்டுப்பள்ளியிலும் நிலக்கரி, துறைமுகம். வடக்கே கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை. எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் படிந்து மீன்பாடு குன்றியது. நிலம் கொடுத்தவர் மகனுக்கு ஆலை வாயிலில் வேலை இல்லை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஒப்பந்தக்காரர் அழைத்துவந்த இளைஞர்கள் உள்ளே போகிறார்கள். சங்கம் சேரத் தெரியாத, ஊர் திரும்ப வழியில்லாத ஆளே ஒப்பந்தக்காரருக்கு உகந்த ஆள். இக்கணக்கை உள்ளூர்வாசிக்கு விளக்கிச் சொல்ல ஒருவரும் வரவில்லை. செய்தி வந்தது, அவருடைய அச்சத்துக்கு ஒரு முகம் வரைந்து கொடுத்தது. மனக்குறை மெய், முகம் பொய்.

அச்செய்தி வந்த வழி இன்னும் நுட்பமானது. ஹதீஸ் கலையில் நம் இமாம்கள் அறிவிப்பாளர் தொடரை எவ்வாறு சோதித்தார்கள் என்பதை மதரஸா மாணவரும் அறிவார். கடைசி அறிவிப்பாளர் எவ்வளவு நேர்மையானவராயினும், தொடரில் ஒருவர் யாரென்றே தெரியாதவராயின் அந்த அறிவிப்பு பலவீனப்பட்டுவிடும். வதந்தியின் தந்திரம் இங்கேதான். நம் கைக்கு அதைத் தருபவர் மச்சானோ, பெரியம்மா மகனோ ஆவார். அவர் பொய்யர் அல்லர். அவரது நேர்மை, தொடரின் மறுமுனையில் முகமறியா ஒருவர் செய்த புனைவுக்கு முத்திரை வைத்துவிடுகிறது. செய்தி கொண்டு வருபவனைத் தீர விசாரிக்கச் சொல்லும் ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாம் வசனத்தை நாம் பயான்களில் கேட்டிருக்கிறோம். கேட்ட காதோடு வீடு வந்து கைப்பேசியைத் திறக்கிறோம்!

பாட பேதம் என்று பதிப்பாசிரியர்கள் சொல்வதுண்டு. அதற்கும் இங்கே சான்று இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் தெருவில் விளையாடும் பிள்ளையைத் தூக்கிச் செல்லும் காட்சியொன்று அந்நாட்களில் இந்தியாவில் பரவியது. அது கராச்சி நகரில் காணாமற்போன குழந்தைகளுக்காகப் பாடுபடும் ஒரு தொண்டு அமைப்பு 2016இல் எடுத்த விழிப்புணர்வுப் படம். பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டு, எச்சரிக்கை வாசகத்தைக் காட்டும் இறுதிப் பகுதியை யாரோ நறுக்கிவிட்டார்கள். பிள்ளைகளைக் காக்க எடுத்த படம் வழிப்போக்கரைக் கொல்லும் கருவியாயிற்று.

இத்தகைய அமைப்புகளின் மீதே ஐயம் விழுவது நாட்டில் புதிதல்ல. கூடங்குளம் போராட்டத்தின் பின்னால் அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள் இருப்பதாக 2012இல் பிரதமராயிருந்த மன்மோகன் சிங்கே கூறினார். இடிந்தகரை மீனவருக்குத் தம் கடலைப் பற்றித் தாமாகக் கவலைப்படத் தெரியாதா என்று அப்போது கேட்டவர் சிலரே.

2020இல் இவ்வம்பு நம்மீதே பாய்ந்தது. தில்லி தப்லீக் மர்கஸுக்குச் சென்றவர்கள் வேண்டுமென்றே நோய் பரப்பினார்கள் என்றார்கள். நம் காய்கறி வியாபாரிகளைத் தெருவுக்குள் விட மறுத்தார்கள். அவ்வாண்டு ஆகஸ்டில் மும்பை உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, வெளிநாட்டு ஜமாஅத்தினர் பலிகடாக்கள் ஆக்கப்பட்டார்கள் எனக் கருதி வழக்குகளைத் தள்ளியது. 2023 மார்ச்சில் காட்சி தலைகீழாயிற்று. தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர்கள் கொல்லப்படுவதாக வடக்கே பொய்ப்படங்கள் சுற்றின. இங்கிருந்த தொழிலாளர்கள் நடுங்கினார்கள். பீகார் அரசு குழு அனுப்பி விசாரித்தது. ஐந்தாண்டுகளுக்கு முன் எவரைக் கண்டு நம்மவர் அஞ்சினரோ, அவர்களே இப்போது நம்மைக் கண்டு அஞ்சினர்.

பழவேற்காட்டு முஸ்லிம்கள் தம் முன்னோர் அரபு நாட்டிலிருந்து கலமேறி வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்லி வருபவர்கள். இன்று மீஞ்சூர், கும்மிடிப்பூண்டிப் பகுதிப் பள்ளிவாசல்களில் ஜும்ஆ வரிசையில் பீகாரியும் வங்காளியும் நம் தோளோடு தோள் நிற்கிறார்கள். ஸலாம் கொடுத்து எழுந்ததும் செருப்பைத் தேடிக்கொண்டு கலைகிறோம். அவர்களுடைய பெயரைக் கேட்டறிந்தவர் நம்மில் எத்தனை பேர்?