இருவர் வாசிக்கும் கிட்டார்

1977-இல் மேற்கு பெர்லினின் ஹான்சா ஸ்டூடியோவில் டேவிட் போவியின் ‘ஹீரோஸ்’ பாட்டுக்கு ராபர்ட் ஃபிரிப் கிட்டார் வாசித்தார். எங்கே நின்றால் எந்தச் சுரம் ஃபீட்பேக்காக நீள்கிறது என்று தரையில் அடையாளமிட்டு, இடம் மாறி மாறி நின்று வாசித்தார். அந்த ஒலி, கைப்பெட்டிக்குள் அடங்கும் இ.எம்.எஸ். சிந்தசைசருக்குள் போனது, குமிழ்களில் பிரையன் ஈனோவின் கை. மூன்று பதிவுகளைத் தயாரிப்பாளர் டோனி விஸ்கோன்டி ஒன்றாகக் கலந்தார். கிட்டாரா சிந்தசைசரா என்று பிரிக்க முடியாத அந்தக் கேவல் இன்றும் என்னை உலுக்குகிறது.

சிந்தசைசருக்குள் ஒலியை உருவாக்கும் ஆஸிலேட்டர் ஒரே மாதிரியான அலையைத்தான் தரும். கிட்டார் கம்பியிலோ விரலின் அழுத்தமும் நடுக்கமும் இருக்கின்றன. டிஸ்டார்ஷன் சேர்ந்தால் மேற்சுரங்கள் பெருகுகின்றன. அவற்றை வடிகட்டும் சிந்தசைசரின் ஃபில்டருக்குச் செதுக்க ஏராளமாய்க் கிடைக்கிறது. கிட்டாரின் ஒலியைச் சிந்தசைசர் வழியே செலுத்தும் முறையின் உண்மையான பலம் இதுதான்.

கிட்டாரை விசைப்பலகையாக்க முயலும்போதுதான் சிக்கல். 1978-இல் வந்த கோர்க் எம்.எஸ்.-20, உள்ளே வரும் சுரத்தை மின்னழுத்தமாக மாற்றித் தன் ஆஸிலேட்டரை இயக்கும். கிட்டாரின் தடித்த கம்பி நொடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்கிறது; ஓர் அதிர்வுக்கே 12 மில்லிநொடி. அது முடியுமுன் சுரத்தை அளக்க வழியில்லை. பிந்தி வரும் ஒலியோடு விரல் மல்லுக்கட்டுகிறது. பல சுரங்கள் சேர்ந்த கார்டு வாசித்தால் எந்தச் சுரத்தைப் பிடிப்பதென்று தெரியாமல் கருவி தாவுகிறது. கிட்டாரின் ஒலியையே தூக்கியெறிந்துவிட்டு அதன் சுரத்தை மட்டும் வைத்துக்கொள்வது எனக்குப் பெரிய இழப்பாகவே படுகிறது.

ஃபில்டர் வழியிலும் குறைகள் உண்டு. ஆறு கம்பிகளுக்கும் சேர்த்து ஒரே ஃபில்டர் என்பதால், மென்மையாக மீட்டிய கம்பியும் ஓங்கி அடித்த கம்பியும் ஒரே அசைவுக்குள் அடங்கிவிடுகின்றன. பிக்கப்பின் மெலிந்த மின்சாரத்தை உயர்த்தும்போது இரைச்சலும் கூடவே உயர்கிறது. அந்தக் காலக் கருவிகள் பலவற்றுக்கு நினைவகம் இல்லாததால், நேற்றைய ஒலியை இன்று அப்படியே மீட்பது அரிது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தடை கைகள்தான். கிட்டாரிஸ்டின் இரண்டு கைகளும் கம்பியில் இருக்கின்றன. குமிழைத் திருப்ப யார்? காலால் இயக்கும் பெடல் ஓரளவு உதவும்; மீதிக்கு இன்னொருவரின் கை வேண்டும். ராக்ஸி மியூசிக் குழுவின் தொடக்க நிகழ்ச்சிகளில் ஈனோ அரங்கின் பின்புறம் மிக்ஸரோடு உட்கார்ந்து குழுவின் ஒலிகளை உருமாற்றினார். கிட்டாரை வாங்கியவர் சிந்தசைசரையும் தானே வாங்கிவிடலாம். காது கொடுத்துக் கேட்டபடி குமிழைத் திருப்பும் இன்னொரு இசைக்கலைஞரைத்தான் முதலில் தேட வேண்டும்.