கேட்கிறார்கள், ஆராய்கிறார்களா?

மக்கள் குரலே மகேசன் குரல் என்று மேடைதோறும் முழங்குவோர் உண்டு. மகேசனை அவர்களிடமே விட்டுவிடுவோம்; அவன் குரலை நாம் கேட்டதில்லை. மக்களின் குரல் மெய்யாகவே கேட்கப்படுகிறதா, கேட்கப்பட்டபின் அதற்கு என்ன நேருகிறது என்பதே நமது கவலை. அந்தக் குரலைக் கேட்பதற்கென்றே நாள்தோறும் மூன்று மணி நேரத்தை ஒதுக்கி வைத்திருக்கிறது அமெரிக்காவிலுள்ள ஒரு தொலைக்காட்சி நிலையம். அதனை ஆராய்வது நமக்குப் பயன் தரும்.

சி-ஸ்பேன் என்பது அதன் பெயர். பிரையன் லாம்ப் என்னும் பத்திரிகையாளரின் முயற்சியால், 1979 மார்ச் 19 அன்று, அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் நடவடிக்கைகளை வெட்டாமல் ஒட்டாமல் காட்டத் தொடங்கியது. சோப்பு விற்போரின் விளம்பரம் அதில் இல்லை. சர்க்காரின் மானியமும் இல்லை. கேபிள் நிறுவனங்கள் செலுத்தும் கட்டணத்தைக் கொண்டே வளர்ந்தது. 1980 அக்டோபர் 7 முதல், பார்வையாளர் தொலைபேசியில் அழைத்துத் தம் கருத்தைக் கூற இடமளித்தது. 1995 ஜனவரியில் 'வாஷிங்டன் ஜர்னல்' பிறந்தது. காலை 7 மணி முதல் 10 மணி வரை, வாரத்தின் ஏழு நாளும், அமைச்சரும் அறிஞரும் அமரும் அந்த மேசைக்கு உழவரும் ஓட்டுநரும் ஓய்வூதியரும் தொலைபேசி வழியே வந்து சேருகின்றனர். பேசுபவரின் பட்டமென்ன, பதவியென்ன என்று கேட்பாரில்லை. இதனை நாம் பாராட்டுகிறோம், மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால், பாராட்டோடு நின்றுவிடுவது திறனாய்வாகாது.

முதலாவது, நேரம். வாஷிங்டனில் காலை 7 மணி என்றால் கலிபோர்னியாவில் விடியற்காலை 4 மணி! கிழக்கே இருப்பவன் ஆலை வாயிலுக்கு விரையும் வேளை. மேற்கே இருப்பவன் அயர்ந்து உறங்கும் வேளை. காத்திருந்து பேசும் ஓய்வு எவருக்கு உண்டோ, அவருடைய குரலே அதிகம் ஒலிக்கும். கதவு திறந்திருக்கிறது, உண்மை. அந்தக் கதவுவரை நடந்துவர எல்லோருக்கும் காலும் நேரமும் வாய்த்திருக்கின்றனவா? கேட்ட குரலையெல்லாம் கூட்டி, இதுதான் நாட்டின் கருத்து என்று முடிவு கட்டுவது பிழை.

இரண்டாவது, கம்பி. குடியரசுக் கட்சியினருக்கு ஓர் எண். ஜனநாயகக் கட்சியினருக்கு ஓர் எண். கட்சி சாராதோருக்கு மற்றோர் எண். ஒருவரே நாளெல்லாம் பேசாதிருக்க, 30 நாட்களுக்கு ஒருமுறை அழைத்தால் போதும் என்ற வேண்டுகோளும் உண்டு. நேர்மைக்காகச் செய்த ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆயினும் விளைவைப் பாருங்கள்! வாய் திறக்குமுன்னே ஒருவர் தம் நெற்றியில் முத்திரை குத்திக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. கேட்பவரும், "இவர் நம்மவரா, எதிரியா?" என்று பார்த்த பிறகே காது கொடுக்கிறார். யார் சொன்னார் என்பதை விடுத்து, சொன்னதில் மெய் உண்டா என்று காண்பதே அறிவு என வள்ளுவர் வகுத்தார். இங்கே யார் சொன்னார் என்பது திரையிலே எழுத்தாகவே மின்னுகிறது!

மூன்றாவது, மௌனம். இதுவே தலையாய குறை. நிகழ்ச்சியை நடத்துவோர் பக்கம் சாராதவர். முகத்திலே சினமும் காட்டார், சிரிப்பும் காட்டார். அரிய பண்புதான். ஆனால், 2020ஆம் ஆண்டுத் தேர்தலில் பெருமோசடி நடந்தது என்ற கூற்றை எடுத்துக்கொள்வோம். 60க்கு மேற்பட்ட வழக்குகள் தொடரப்பட்டன. ஏறத்தாழ அனைத்தும் தோற்றன. அதன் பிறகும் அந்தக் கூற்று தொலைபேசிகளில் ஒலித்தது. நடத்துபவர் சிலவேளை, "இதற்கு ஆதாரம் எங்கே படித்தீர்?" என்று கேட்கிறார், பலவேளை நன்றி கூறி அடுத்தவரை அழைக்கிறார். வரி உயர வேண்டும் என்பதும் கூடாது என்பதும் கருத்துகள்; அவற்றினிடையே நடுநிலை நிற்பது நயம். நடந்ததற்கும் நடக்காததற்கும் இடையே நடுநிலை ஏது? தராசைச் சமமாகப் பிடித்தால் போதாது. தட்டிலே வைக்கப்படுவது பொன்னா பித்தளையா என்று உரைத்தும் பார்க்க வேண்டாமா?

உள்ளதை உள்ளபடி காட்டுகிறோம் என்பதற்கும் எல்லையுண்டு என்பதை அந்நிலையத்தின் வரலாறே கூறும். பிரதிநிதிகள் சபைக்குள்ளிருக்கும் காமிராக்கள் சி-ஸ்பேனுக்குச் சொந்தமல்ல, சபைக்கே சொந்தம். 1984இல் நியூட் கிங்ரிச்சும் அவரது தோழர்களும், சபை அலுவல் முடிந்தபின் எழுந்து ஆவேசமாகப் பேசுவர். எதிரே சபை திரண்டிருப்பதாகவே பார்ப்பவர் எண்ணினர். அவ்வாண்டு மே மாதம் சபாநாயகர் டிப் ஓ'நீல் காமிராவைத் திருப்பச் செய்தார். திரையிலே தெரிந்தவை காலி நாற்காலிகள்! காமிரா அதற்குமுன் பொய் கூறவில்லை; பாதியைக் காட்டிற்று, அவ்வளவே. மீண்டும் 2023 ஜனவரியில், சபாநாயகரைத் தெரிந்தெடுக்க 15 சுற்று வாக்கெடுப்பு நடந்தபோது, விதிகள் இன்னும் நிறைவேறாமையால் சி-ஸ்பேன் தன் காமிராக்களைத் தன் விருப்பம்போல் இயக்கிற்று. பேரமும் பிணக்கும், பகைவர் இருவர் அருகமர்ந்து பேசுவதும் நாட்டுக்குத் தெரிந்தன. விதிகள் வந்தன, உரிமை போயிற்று. காமிராவைப் பிடித்திருப்பவன் யார் என்று கேளாதவன், கண்ணிருந்தும் பாதியே காண்பான்.

இவ்வளவு குறையும் உடைய நிகழ்ச்சியை மூடிவிடலாமே என்பார்க்கு, 2016 ஆகஸ்டில் நிகழ்ந்ததை நினைவூட்டுவோம். அன்று விருந்தினர், டிமோஸ் என்னும் ஆய்வமைப்பின் தலைவர் ஹெதர் மெக்கீ; கறுப்பினப் பெண்மணி. வட கரோலினாவிலிருந்து வெள்ளையர் ஒருவர் அழைத்தார். வசை பொழிவார் என்று எதிர்பார்க்கத்தக்க தொடக்கம். அவரோ, தமக்கு நிறவெறி உண்டு என்று ஒப்புக்கொண்டார். கறுப்பினத்தாரைக் கண்டால் அஞ்சுவதாகக் கூறினார். நல்ல அமெரிக்கனாக மாற நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்!

மெக்கீ சினம் கொள்ளவில்லை. உண்மையை உரைத்தமைக்கு நன்றி கூறினார். கறுப்பினக் குடும்பங்களோடு பழகுங்கள். மாலைச் செய்தி காட்டும் குற்றக் காட்சிகளைக் கொண்டு ஓர் இனத்தை எடை போடாதீர்கள். அவர்தம் வரலாற்றைப் படியுங்கள். சமயப் பற்றுண்டெனில் கறுப்பரும் கூடும் ஆலயத்துக்குச் செல்லுங்கள் என்றார். ஆலயத்திலும் நிறம் பிரித்து அமரும் பழக்கமுள்ள நாட்டிலே, அதுவும் ஒரு சீர்திருத்தமே! அம்மனிதர் நூல்களைத் தேடிப் படித்தார், பின்னர் இருவரும் நேரில் சந்தித்தனர், நட்பும் மலர்ந்தது. அவர் எந்தக் கட்சிக்காரர் என்பதா இங்கே முக்கியம்?

தோழர்களே! அந்நிகழ்ச்சியிலே நாம் கேட்கும் ஆயிரம் குரல்களில் பெரும்பாலானவை முடிவோடு வருகின்றன. இந்த ஒரு குரல் கேள்வியோடு வந்தது. தவறான எண்ணம் வெளியே வந்ததால்தான் அதற்கு மருந்திட முடிந்தது. மருந்திட அறிந்தவர் ஒருவர் எதிரே இருந்ததால்தான் அது குணமாகத் தொடங்கிற்று. வாயை அடைப்பது வழியாகாது. பேசவிட்டு, விடையளிக்காமல் அனுப்பிவிடுவதும் வழியாகாது. சி-ஸ்பேன் முதல் பாதியைத் திறம்படச் செய்திருக்கிறது. மறுபாதியை, அறிந்தவர் வாய்த்த அன்று மட்டுமே செய்திருக்கிறது.

அந்த மறுபாதியைச் செய்யத் தொலைக்காட்சி நிலையம் வேண்டுமென்பதில்லை. படிப்பகத்திலும் தேநீர்க் கடையிலும் ஒருவர் தம் கருத்தைக் கூறும்போது, அவர் கட்சியைக் கேட்குமுன் காரணத்தைக் கேளுங்கள். காரணம் சரியெனில் ஏற்றுக்கொள்ளுங்கள்; தவறெனில், வடக் கரோலினாக்காரருக்குக் கிடைத்த பொறுமையோடு விளக்குங்கள்.