கண்ணாடி ஒட்டும் கை

புது போன் வந்தால் எல்லோரும் கேமராவையும் சிப்பையும் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கென்னவோ, அதற்கு டெம்பர்டு கிளாஸ் ஒட்டித் தருகிறவரின் கைவேலைதான் பிடித்திருக்கிறது. சென்னை ரிச்சி தெருப் பக்கம் போனால் ஆற அமர நின்று பார்க்கலாம். முதல் வேலையாக ஃபேனை நிறுத்துவார். தூசுதான் இந்தத் தொழிலுக்கு எதிரி. ஈரத் தாளால் ஒரு துடைப்பு, உலர்ந்த துணியால் இன்னொன்று. பிறகு போனைச் சாய்த்து வெளிச்சத்தில் காட்டுவார். நம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அவருக்கு ஒரு துகள் தெரியும். அதை ஒட்டுத்தாள் முனையால் தொட்டு எடுத்துவிடுவார்.

அரை மில்லிமீட்டர்கூட இல்லாத கண்ணாடி. அடித்தாளை உரிக்கும்போது 'சர்ர்' என்று மெல்லிய சத்தம். ஓரங்களை மட்டும் பிடித்து, ஸ்பீக்கர் துளைக்கு நேர் பார்த்து இறக்கி, நடுவில் விரலால் ஒரே அழுத்து. எண்ணெயில் விழுந்த அப்பளம் போல அங்கிருந்து பசை தானாக விரியும், காற்று ஓரத்துக்கு ஓடும். அந்த நேரத்தில் அவர் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பாரே, அதுதான் தேர்ச்சி. அடம்பிடிக்கும் குமிழியைத் துணி சுற்றிய பழைய கார்டால் நைசாகத் தள்ளுவார். இப்போது கண்ணாடியை நேராகப் பொருத்த உதவும் சட்டத்தோடு வரும் பெட்டிகளை வாங்கி வீட்டிலேயே ஒட்டலாம், நன்றாகவே ஒட்டுகிறது. வளைந்த திரை என்றால் கடைக்காரரே கொஞ்சம் யோசிப்பார். ஒட்டுகூலியில் பேரம் பேசாதீர்கள். வேலை முடியும்வரை பேச்சும் கொடுக்காதீர்கள்.