நாலரை ரூபாய்க் கருப்பட்டி

உடன்குடியில் சித்தப்பாவுக்குக் கருப்பட்டிக் கடை. அதற்கு ஒரு இணையதளம் போட்டுக் கொடுத்தது நான். அன்றிலிருந்து அவர் போன் வந்தால் இரண்டே கேள்விதான். "ஏல, கூகுள்ல நாம எத்தனாவது?" அது முடிந்ததும், "துட்டு எப்பல பேங்குக்கு வரும்?" இரண்டு சீசனாக இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் கருவிகளோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். எது உதவியது, எது வெறும் பகட்டு என்று சொல்லிவிடுகிறேன்.

முதல் கேள்விக்கு அவரிடமே ஒரு பதில் இருந்தது. தன் போனில் தேடிப் பார்த்துவிட்டு, "நாமதாம்ல மொதல்ல" என்பார். கடையிலேயே உட்கார்ந்துகொண்டு, தினம் நாலு தடவை அந்தத் தளத்தைத் திறக்கிற போனில் தேடினால் வேறு எப்படிக் காட்டும்? தேடுகிறவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதைப் பார்த்தும் கூகுள் வரிசையை மாற்றும். சென்னையில் என் போனில் தேடினால் இரண்டாம் பக்கத்தில்கூட நாங்கள் இல்லை.

அதனால் கூகுள் சர்ச் கன்சோலில் தொடங்கினேன். இலவசம். அது கொடுக்கும் நீளமான குறியீட்டை, டொமைன் வாங்கிய இடத்தின் டிஎன்எஸ் பக்கத்தில் ஒரு டிஎக்ஸ்டி பதிவாக ஒட்டினால், தளம் நம்முடையதுதான் என்று ஒப்புக்கொள்ளும். தளம் பாதி கட்டியிருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். சேர்த்த பிறகுதான் கணக்கு சேரத் தொடங்கும். 16 மாதக் கணக்கைக் கையில் வைத்திருக்கும், அதற்கு முந்தையது கழிந்துபோகும். சீசன் சரக்கு விற்கிறவருக்கு இது தோதான அளவு. பங்குனி, சித்திரை, வைகாசியைப் போன வருடத்து அதே மூன்று மாதத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க 15 மாதக் கணக்கு வேண்டுமே.

இந்தக் கருவியில் எனக்குப் பொன் மாதிரி உதவியது, மக்கள் என்ன தட்டித் தேடியபோது நம் பக்கம் வந்தது என்று காட்டும் பட்டியல். நான் 'பனங்கருப்பட்டி', 'பனைவெல்லம்' என்று தமிழில் அழகாகத் தலைப்பு வைத்திருந்தேன். பட்டியலைத் திறந்தால், பெரும்பாலானவர்கள் ஆங்கில எழுத்தில் கருப்பட்டியைத் தட்டியிருக்கிறார்கள். ஒரு 'பி' போட்டு, இரண்டு 'பி' போட்டு, ஒரு 'டி'யை விழுங்கி, கடைசி 'ஐ'க்குப் பதில் 'ஒய்' வைத்து. எண்ணினேன், பதினோரு விதம். பொருள் பக்கத்தின் தலைப்பில் அதிகம் புழங்கிய எழுத்துக்கூட்டையும் சேர்த்த பிறகுதான் வெளியூர் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

அதே பட்டியலில் அடிக்கடி தலைகாட்டிய இன்னொன்று, 'ஒரிஜினல் கருப்பட்டி கண்டுபிடிப்பது எப்படி'. சர்க்கரை கலந்த சரக்கு சந்தையில் அத்தனை இருக்கிறது. நாங்கள் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. சித்தப்பாவை உட்கார வைத்துப் பேசச் சொல்லி, பேசியதை அப்படியே ஒரு பக்கமாகப் போட்டேன். இன்றைக்கு எங்களுக்கு ஆள் கூட்டிவருவதில் அந்தப் பக்கம்தான் முன்னால் நிற்கிறது.

ஒரு எச்சரிக்கை. 'சராசரி இடம்' என்ற எண் ஆளைக் கவிழ்க்கும். ஒரு சொல்லுக்கு 4ஆம் இடத்தில் இருக்கிறோம், சராசரி 4. புதுப் பக்கம் ஒன்று எழுதுகிறோம். அது வேறொரு சொல்லுக்கு 40ஆம் இடத்தில் அதே அளவு தென்படுகிறது. சராசரி 22 ஆகிவிடும். முன்னே போயிருக்கிறோம், எண் பின்னே போனதாகக் காட்டும். நான் ஒரு வாரம் தூக்கம் கெட்டு, நல்ல பக்கங்களைத் திருத்திக் கெடுத்த கதை தனி. சொல் வாரியாகப் பாருங்கள், மொத்தமாகப் பார்க்காதீர்கள்.

கட்டணக் கருவி ஒன்றையும் ஒரு மாதத்துக்கு வாங்கிப் பார்த்தேன். பெரிய கருவிகளின் முழுத் திட்டங்கள் மாதம் நூறு டாலரைத் தாண்டும். போட்டிக் கடைகளுக்கு யார் யார் இணைப்பு கொடுத்திருக்கிறார்கள் என்று காட்டியது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் பதினோரு எழுத்துக்கூட்டில் எட்டுக்குத் 'தேடுவோர் எண்ணிக்கை 0' என்றது. அந்தப் பூஜ்யத்தில் இருந்துதான் எனக்கு ஆர்டர் வந்துகொண்டிருந்தது. மாதம் முடிந்ததும் நிறுத்திவிட்டேன்.

மோஸ் நிறுவனத்தின் டொமைன் அத்தாரிட்டி, ஏரெஃப்ஸ் தரும் டொமைன் ரேட்டிங் போன்ற நூற்றுக்கு இத்தனை என்ற மதிப்பெண்கள் அந்தந்த நிறுவனங்கள் தாங்களே போட்டுக்கொள்ளும் கணக்கு. கூகுள் அவற்றை எடுத்துக்கொள்வதில்லை. கூகுளே முன்பு பேஜ்ரேங்க் என்று பத்துக்கு மதிப்பெண் காட்டிக்கொண்டிருந்தது, 2016இல் அதை எடுத்துவிட்டது. அலெக்சா தரவரிசையும் 2022 மே மாதம் மூடப்பட்டது. இவ்வளவுக்குப் பிறகும், 'முப்பது நாளில் முதல் பக்கம், உத்தரவாதம்' என்று ஒரு பையன் சித்தப்பாவுக்கு வாரம் ஒருமுறை போன் போடுகிறான். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளின் வழிகாட்டியிலேயே எழுதியிருக்கிறது.

இனி துட்டு. ஆரம்பத்தில் தளத்தில் வெறும் யுபிஐ க்யூஆர் படம்தான். கட்டணம் கிடையாது, அதனால் சித்தப்பாவுக்கு அதில் ரொம்பப் பிரியம். பணம் போட்டவர் ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸாப்பில் அனுப்ப வேண்டும், சித்தப்பா நோட்டில் எழுதிக்கொள்வார். ஒரே நாளில் மூன்று பேர் 450 ரூபாய் அனுப்பினால், எது யாருடையது என்று இரவு பத்து மணிக்கு எனக்கு அழைப்பு வரும். 'பரிவர்த்தனை நிலுவையில்' என்று போட்ட ஸ்கிரீன்ஷாட்டை நம்பி ஒரு முறை பார்சலும் போய்விட்டது.

அதனால் பேமென்ட் கேட்வே. முதலில் போன இடம் எங்கள் கேஒய்சி விண்ணப்பத்தை இரண்டு முறை காரணம் சொல்லாமல் திருப்பியது. மூன்றாவது முறைதான் தெரிந்தது, தளத்தில் பணம் திருப்பும் விதி, அனுப்பும் விதி, தனியுரிமைப் பக்கம் எதுவுமே நாங்கள் வைக்கவில்லை. நீங்கள் பான் கார்டைத் தேடுவதற்கு முன் இந்தப் பக்கங்களை எழுதி வையுங்கள். ஒரு நாள் வேலை, இரண்டு வாரம் மிச்சம்.

பிறகு ரேசர்பே. சோதனை நிலை நன்றாகச் செய்திருக்கிறார்கள். வெற்றிக்கு ஒரு பொய் யுபிஐ முகவரி, தோல்விக்கு ஒன்று. உண்மைப் பணம் இல்லாமல் முழுதும் ஓட்டிப் பார்க்கலாம். ஓட்டிப் பார்த்தேன், பச்சை டிக் வந்தது, நிஜச் சாவியை மாற்றிப் போட்டேன். முதல் ஆர்டர் கோயம்புத்தூரில் இருந்து. ஒரு கிலோ கருப்பட்டி, வரவு நாலு ரூபாய் ஐம்பது பைசா.

தொகையை ரூபாயில் அனுப்பக் கூடாது, பைசாவில் அனுப்ப வேண்டும். 450 ரூபாய்க்கு 45000. ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. சோதனையில் டிக்கைப் பார்த்த நான் தொகையைப் பார்க்கவில்லை. வாங்கியவர் நல்ல மனிதர், அவரே அழைத்து, "ஏனுங்க, வெலை சரிதானுங்களா?" என்று கேட்டார். பணத்தைத் திருப்பிவிடலாமா என்றேன் சித்தப்பாவிடம். "மொத போணில. திருப்பக் கூடாது. அனுப்பிரு."

அடுத்த பாடம் வெப்ஹுக். வாடிக்கையாளர் யுபிஐ செயலிக்குப் போய்ப் பணம் கட்டுகிறார். திரும்பி நம் தளத்துக்கு வருவதற்குள் சார்ஜ் தீர்ந்தால், பணம் வந்திருக்கும், ஆர்டர் 'நிலுவை' என்றே கிடக்கும். கேட்வே தானாக நம் சர்வரின் கதவைத் தட்டி 'பணம் வந்துவிட்டது' என்று சொல்ல ஒரு முகவரி கொடுத்து வைப்பதுதான் வெப்ஹுக். கூடவே வரும் கையொப்பத்தைச் சரிபார்க்க வேண்டும்; இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் கதவைத் தட்டிப் பணம் வந்ததாகச் சொல்லலாம். இதைப் போட்ட பிறகு பத்து மணி அழைப்புகள் நின்றன. கார்டு எண்களைப் பற்றி நமக்குக் கவலையே வேண்டாம். 2022 அக்டோபர் 1 முதல் கடைகள் அவற்றைச் சேமிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.

கட்டணக் கணக்கு இப்படி: 450க்கு 2 சதவீதம் 9 ரூபாய். அந்த ஒன்பதின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, 1.62. கைக்கு வருவது 439.38. யுபிஐக்கு 2020 ஜனவரி முதல் எம்டிஆர் என்கிற வணிகர் கட்டணம் கிடையாது என்றாலும், தங்கள் சேவைக்கென்று கேட்வேக்கள் பிடிப்பதுண்டு, ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பணம் பொதுவாக இரண்டு வேலை நாளில் வரும். வெள்ளி இரவு விற்றால் செவ்வாய். இதைச் சித்தப்பாவுக்கு விளக்குவது வெப்ஹுக்கைவிடக் கடினம்.

கட்டண வசதி போட்டதும் முதல் கேள்வி மறுபடி வேலை கொடுத்தது. கேட்வேயின் ஸ்கிரிப்டை எல்லாப் பக்கத்திலும் ஏற்றியிருந்தேன். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் மொபைல் மதிப்பெண் சரிந்தது. பணம் கட்டும் பக்கத்தில் மட்டும் ஏற்றினேன், மீண்டது. இன்னொரு கூத்து: 'உங்கள் ஆர்டருக்கு நன்றி' பக்கம் கூகுள் தேடலில் வந்துவிட்டது. பதறிப்போய் ரோபாட்ஸ் கோப்பில் அதைத் தடுத்தேன். அது தப்பு. தடுத்தால் கூகுள் உள்ளே வராது. வராவிட்டால் 'பட்டியலில் சேர்க்காதே' என்று பக்கத்துக்குள் எழுதியிருப்பதை எப்படிப் படிக்கும்? தடையை நீக்கி நோஇன்டெக்ஸ் குறியை மட்டும் வைத்தேன், சில நாளில் மறைந்தது.

ஆக, சர்ச் கன்சோலும் ஒரு கேட்வேயும் போதும். மாதக் கட்டணக் கருவி சிறு கடைக்குத் தேவையில்லை. க்யூஆர் படம் இப்போது கடைக் கல்லாவில் மட்டும் ஒட்டியிருக்கிறது.

போன வாரமும் சித்தப்பா அழைத்தார். எத்தனாவது என்று கேட்கவில்லை. தேடல் பட்டியலை அவர் போனிலேயே திறக்கக் கற்றுக்கொடுத்திருந்தேன், கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்திருக்கிறார். "ஏல, மழைக்கு இளகுற கருப்பட்டி நல்லதான்னு ஒருத்தன் கேட்டிருக்காம்ல. இளகலன்னாத்தான் சந்தேகப்படணும். நான் சொல்லுதேன், எழுதிப் போடு."