செக்ரோலும் பாடநூலும்

முகாமைத்துவ தகவல் முறைமை எனப் பெயரிய பாடம் இன்று நம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இளமாணி மாணவர்க்குக் கற்பிக்கப்படுகின்றது. பேராதனையில் முகாமைத்துவம் பயில்வோரும், கண்டி நகரத்துத் தனியார் நிலையங்களிற் பிறநாட்டுப் பட்டங்களுக்கு ஆயத்தஞ் செய்வோரும் அதனைக் கற்கின்றனர். இப்பாடம் கற்கத்தக்கதோ என்பது ஈண்டு எழும் வினாவன்று, கற்கத்தக்கதே. அது கற்பிக்கப்படும் முறையினையே யாம் ஆராயப் புகுகின்றோம்.

இத்துறையிற் பெரிதும் வழங்குவது கெனத் லோடன், ஜேன் லோடன் ஆகிய இருவர் இயற்றிய பாடநூல். பல பதிப்புகள் கண்டது. அதன் சிறப்பினை முதற்கண் ஒப்புக்கொள்ளுதல் முறை. கணினி வேறு, தகவல் முறைமை வேறு என்பதை அந்நூல் தெளிவுறக் காட்டுகின்றது. தரவினைத் திரட்டி, பதப்படுத்தி, சேமித்து, உரியவர்க்கு வழங்கி, முடிவெடுத்தற்கும் கட்டுப்படுத்தற்கும் துணைபுரிவது எதுவோ அதுவே தகவல் முறைமை. அதனுள் நிறுவனமும் மனிதரும் கருவியும் ஒருங்கே அடங்குவர். இவ்வரையறையை மாணவர் நன்கு மனனஞ் செய்கின்றனர். ஆயின், அவ்வரையறைக்கு இலக்கியமாக அவர் அறிவன அமெரிக்கப் பொதிகள் செல்லும் வழியும், வால்மார்ட் அங்காடியிற் சரக்குக் குறையும்போது அது நிரப்பப்படும் வகையுமே. ஹந்தானை மலைச்சரிவிலே பிறந்த மாணவி ஒருத்தி இவற்றை விடைத்தாளில் வழுவின்றி எழுதுவாள். தன் தாய் பறித்த கொழுந்தின் நிறை எத்தனை ஏடுகளைக் கடந்து மாதமுடிவிற் சம்பளமாகின்றது என வினவின், அதுவும் இப்பாடத்துக்குரிய வினாவே என்பதை அவள் அறியாள். அறிவித்தாரும் இலர்.

அதனைச் சிறிது நோக்குவாம். விடியலிற் பிரட்டுக்களத்திலே ஆட்கள் கூடுவர்; வேலை பிரித்துக் கொடுக்கப்படும். மலையிற் பறித்த கொழுந்து பகலில் இரண்டு மூன்று முறை நிறுக்கப்படும். கூடைக்கும் சாக்குக்கும் ஈரத்துக்குமெனச் சில கிலோ கழிக்கப்படும். குறித்த அளவு நிறைந்தால் அன்று முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர் விழுதலும் உண்டு. கணக்கப்பிள்ளையின் கைப்புத்தகத்திலிருந்து அது காரியாலயத்துச் செக்ரோலில் ஏறும். அங்கே முற்பணமும் சேமலாப நிதியும் சங்கச் சந்தாவும் கழிந்து, எஞ்சியது சம்பளச் சீட்டில் வந்து நிற்கும். ஒரு நாள் உழைப்பினைக் குறிக்க நம்மவர் வழங்கும் சொல் ‘பேர்’ என்பதை மாணவர் கருதுதல் வேண்டும். ஏட்டிற் பெயர் விழுந்தாலன்றி உழைப்பு உழைப்பாகாது என்னும் முழுக் கோட்பாடும் அவ்வொரு சொல்லுள் அடங்கிக் கிடக்கின்றது.

முறைமையின் நுட்பம் இன்னும் ஒரு படி மேலே உள்ளது. ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகும். ஆதலின் மலையின் நிறுவையும் ஆலையின் நிறுவையும் செய்து முடித்த தேயிலையும் ஒன்றையொன்று சோதித்துக்கொள்ளும். மலையில் எழுதிய நிறை மிகுந்து ஆலையிற் குறைந்தால் துரை விளக்கங் கேட்பார். மலையில் எழுதிய நிறை குறைந்து ஆலையில் மிகுந்தாலோ? அப்பொழுது தோட்டத்துக்கு நட்டமில்லை, கேட்பாரும் இல்லை. ஒரே சோதனை ஒரு பக்கத்துப் பிழையைப் பிடிக்கின்றது. மறுபக்கத்துப் பிழையை இலாபமாக ஏற்றுக்கொள்கின்றது. கட்டுப்பாடு என்னும் அத்தியாயத்தைக் கற்பிக்க இதனினும் சிறந்த எடுத்துக்காட்டினை எந்நாட்டு நூலில் தேடுவது? கழிவு என்னும் பெயராற் போன கிலோக்கள் மெய்யாகவே ஈரமோ அன்றோ என்பதை எந்த ஏடும் கூறமாட்டாது.

மலையகத்தின் தகவல் முறைமை கணினியோடு தோன்றியதன்று. 1901இல் தகரத் துண்டு முறை வந்தது. தமிழகத்திலிருந்து புறப்பட்ட தொழிலாளி ஒவ்வொருவரும் செல்லவேண்டிய தோட்டத்தைக் காட்டும் எண் பொறித்த தகரவில்லையைத் தாங்கி வந்தனர். வழிச்செலவு எத்தோட்டத்தின் கணக்கிற் சேரும் என்பதனை அவ்வெண் கூறிற்று. அதனினும் கொடியது, வெறுமனே துண்டு எனப்பட்ட சீட்டு. இன்ன தொகை கடனைச் செலுத்தினால் இக்கங்காணியின் ஆட்களை விடுவிப்போம் எனத் துரை எழுதிக் கொடுப்பது அது. புதிய தோட்டம் அத்தொகையைக் கட்டி ஆட்களை ஏற்கும். கடன் குறையாது, கைமாறும். மாறுந்தோறும் பெருகவுஞ் செய்யும். ஆங்கில ஏடுகளிலும் தமிழ்ப் பெயராலேயே வழங்கிய இத்துண்டு 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. முகாமைக்குத் தேவையான தகவலைக் குறித்த நேரத்தில், குறித்த இடத்தில் அது பிழையின்றித் தந்தது. பாடநூல் கூறும் இலக்கணத்தின்படி அது நல்ல முறைமையே. எவர் கடன் அதில் எழுதப்பட்டதோ அவர்க்கு அதனை வாசிக்க இயலவில்லை என்பதை அளக்கும் கோல் அவ்விலக்கணத்தில் இல்லை. யாம் காணும் பெருங்குறை இதுவேயாம்.

1949ஆம் ஆண்டு இந்திய பாக்கிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம் விண்ணப்பித்தோரிடம் ஆண்டுக்கணக்கான இடையறாத வதிவுக்குச் சான்று வேண்டிற்று. கூலி கணக்கிடவென எழுந்த ஏடுகளே பதிவாக இருந்த மக்களிடம், அவர் நாடற்றவரோ அல்லரோ என்பதற்கு ஆவணம் கேட்கப்பட்டது. விண்ணப்பித்தோரிற் பெரும்பாலோர் மறுக்கப்பட்டனர். ஒரு நோக்கத்துக்குத் திரட்டிய தரவு வேறொரு நோக்கத்துக்குப் போதாமையை இதனினும் கசப்பாகக் கற்றவர் உளரோ?

உலக வரலாற்றிலும் நமக்குரிய செய்தியொன்று கவனிப்பாரின்றி நிற்கின்றது. வணிகக் கணக்குக்கென இயங்கிய முதற் கணினி 1951இல் இலண்டனில் வேலை தொடங்கியது. லியோ எனப்பட்ட அதனை உருவாக்கியது, தேநீர்க்கடைகளும் தேயிலை வாணிகமும் நடத்திய லயன்ஸ் என்னும் கம்பனி. தேநீர்க்கடைகளின் நாட்கட்டளைகளை அது 1954இல் ஏற்றுக்கொண்டபோது, கடைத் தலைவியர் வழக்கமான கட்டளையினின்று வேறுபடுவதை மாத்திரமே தொலைபேசியிற் கூறினர். ஏனையவற்றை இயந்திரம் தானே நிரப்பிற்று. தேயிலை நாட்டு மாணவர் தேயிலைக் கம்பனியின் இக்கதையை அறியாது பிற கதைகளை உருப்போடுவது விந்தையே.

ரசல் அக்கோஃப் என்னும் அமெரிக்க அறிஞர் 1967இல் எழுதிய கட்டுரையொன்றில், இம்முறைமைகளை அமைப்போர் ஆராயாது நம்பும் ஐந்து எடுகோள்களைக் கண்டித்தார். முகாமையாளர் தகவற் பஞ்சத்தால் வருந்துகின்றனர் என்பது அவற்றுள் ஒன்று. வேண்டாத தகவலின் மிகுதியே அவர் துன்பம் என்றார் அவர். மற்றொன்று, முறைமை இயங்கும் வகையை முகாமையாளர் அறிய வேண்டியதில்லை, பயன்படுத்தத் தெரிந்தாற் போதும் என்பது. இவ்வெடுகோள் நம் வகுப்பறைகளில் இன்றும் வாழ்கின்றது. மென்பொருளின் திரையில் எதனை அழுத்துவது என்பதைக் கற்ற மாணவர், அத்திரையில் தோன்றும் எண் எங்கே எவர் கையால் பிறந்தது எனக் கேட்பதில்லை.

இதற்கு மறுப்புரைப்போர் உளர். தோட்டத்துப் பிள்ளை செக்ரோலினின்று தப்பவே பல்கலைக்கழகம் புகுந்தது. அதனை மீண்டும் அதன் கையிற் கொடுப்பதா என்பர். வேலை தருவோர் கேட்பது மென்பொருட் பயிற்சியையே என்றும் கூறுவர். இரண்டும் புறக்கணிக்கத்தக்கன அல்ல. முன்னையது நம் நெஞ்சையும் தைப்பதே. எனினும், செக்ரோலில் எழுதப்படுதல் வேறு, செக்ரோலை வாசித்துக் குற்றங் காணுதல் வேறு. உயர்தரம் வரை வணிகத்தைத் தமிழிற் கற்றுப் பின்னர் ஆங்கில விரிவுரையுள் விழும் மாணவருக்கு, தாம் அறிந்த பொருளொன்றிலிருந்து புதிய கலைச்சொல்லுக்கு ஏறும் படியாகவும் அது உதவும். கைப்புத்தகமும் செக்ரோலும் கண்டவர்க்கு உள்ளீடு, கோப்பு, அறிக்கை என்னும் சொற்களை மனனஞ் செய்யும் தேவையே எழாது.

இப்பொழுது சில தோட்டங்களில் இலத்திரனியல் தராசு புகுந்துள்ளது. நிறை நேரே கணினிக்குச் செல்வதால் எழுத்துப்பிழை குறையும் என்பர், குறையலாம். பேராதனையில் இப்பாடத்துக்கு வினாத்தாள் அமைப்போர் அதனை ஒருமுறை நேரிற் சென்று பார்த்து, தராசின் எண் எப்பக்கம் நோக்கி ஒளிர்கின்றது, கழிவினை இடும் விசை எவர் கையில் உள்ளது, கொழுந்து பறித்தவள் கையில் அன்றே ஒரு சீட்டுச் சேருகின்றதா என்னும் மூன்றனையும் பத்துப் புள்ளிக்குரிய வினாவாகக் கேட்பாராக.