கறிவேப்பிலைச் செடியின் வேஷக்காரி

கறிவேப்பிலை கிள்ளப் போகும்போது இலைமேல் குருவி எச்சம்போல ஒன்று ஒட்டியிருந்தால் சற்று நின்று பாருங்கள், அது நகரக்கூடும். கறிவேப்பிலை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு அது. எச்சத்தை எந்தப் பறவை கொத்தும்! வளர்ந்துவிட்டால் இந்த வேஷம் செல்லாது, அவ்வளவு பெரிய எச்சம் ஏது? ஆகவே கடைசியாகத் தோலுரிக்கும்போது இலைப்பச்சைக்கு மாறிவிடுகிறது. சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டைக் கொம்பொன்றை நீட்டி நாற்றமடிக்கும். கூட்டுப்புழுவும் இடத்துக்குத் தக்கபடி பச்சையாகவோ பழுப்பாகவோ அமையும்.

என்னைக் கேட்டால், உச்சம் சிறகு முளைத்த பிறகுதான். ஆண், கறுப்புச் சிறகில் வெள்ளைப் புள்ளி வரிசையோடு திரிகிறது. பெண்களில் சில அப்படியே. வேறு சில, ரோஜா அழகி என்னும் இன்னொரு வண்ணத்துப்பூச்சியின் சாயலில் சிவப்பும் வெள்ளையும் தீட்டிக்கொண்டு வருகின்றன. ரோஜா அழகியின் புழு ஆடுதீண்டாப்பாளை தின்று வளர்வதால் அதன் உடம்பில் நஞ்சு. ஒருமுறை தின்று பார்த்த பறவை மறுபடி தொடத் தயங்கும். அந்தப் பயத்தில் இவள் பிழைக்கிறாள். இந்தப் பெண்களின் பல வடிவங்களைப் பற்றி இயற்கையியலாளர் வாலஸ் 1865-லேயே எழுதியிருக்கிறார். எல்லாவற்றையும் ஆட்டுவிப்பது ஒரே மரபணு என்பது 2014-இல் தெரியவந்தது.

ஒரு குறை உண்டு. ரோஜா அழகிக்கு உடம்பு சிவப்பு, இவளுக்குக் கறுப்பு. சிறகுக்கு இவ்வளவு மெனக்கெட்டவள் உடம்பை அப்படியே விட்டுவிட்டாள். பறவையை ஏய்க்கச் சிறகே போதும்போல. வண்ணத்துப்பூச்சி பார்க்கக் கிளம்புகிறவர்கள்தான் முதலில் உடம்பைப் பார்க்கிறார்கள்.