அழுகையின் நான்கு வாயில்கள்

ஊர்ப்பெயர் ஒன்று வசைமொழியாக மாறிவிடுவதும் உண்டு. கோப்பெங்கிலும் ஈப்போவிலும் வளர்ந்தவர்க்குத் 'தஞ்சோங் ரம்புத்தான்' அத்தகைய பெயர். ஈப்போவை அடுத்த அவ்வூரில் 1911-ஆம் ஆண்டு மனநோய் மருத்துவமனை திறக்கப்பெற்றது. இன்று அதன் பெயர் 'பஹாகியா'. மலாய் மொழியில் மகிழ்ச்சி என்று பொருள்படும். மருத்துவமனையின் பெயர் மாறியும் வசை மாறவில்லை. மாணவன் ஒருவன் வகுப்பில் காரணமின்றிக் கண் கலங்கினால், அவ்வூருக்கு அனுப்பவேண்டும் என்ற கேலி எழுகின்றது. கேலி செய்வோர் மாணவர் மட்டும் அல்லர்.

வசைக்கு மாற்றாக நாம் பழகிக்கொண்ட நாகரிகச் சொல் 'மன அழுத்தம்'. இதன்மீதும் குறை உண்டு. தேர்வு நெருங்குங்கால் தோன்றும் நெருக்கடிக்கும் இதுவே பெயர். உணவும் உறக்கமும் வாரக்கணக்கில் ஒழிந்து, வாழ்வே வெறுத்துப்போகும் நோய்க்கும் இதுவே பெயர். பின்னதை 'மனச்சோர்வு' எனப் பிரித்து வழங்குவோர் உளர். ஆயினும் பேச்சு வழக்கில் இரண்டும் கலந்தே கிடக்கின்றன. இதனால் 'எல்லார்க்கும் உள்ளதுதானே' என்று ஆசிரியர் கடந்துபோக இடம் உண்டாகின்றது. 2022-இல் மலேசியச் சுகாதார அமைச்சு நடத்திய ஆய்வில், இடைநிலைப் பள்ளி மாணவருள் நால்வரில் ஒருவர் மனச்சோர்வுற்றிருந்தமை தெரியவந்தது. இத்தனை பேரின் துயருக்கும் ஒற்றைச் சொல் போதுமா?

தமிழாசிரியர் இதற்கு விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகையை ஒரு பெயரோடு விட்டுவிடவில்லை; அது எதனால் வந்தது என்று வினவுகின்றது. இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு காரணங்களை வகுக்கின்றது. பிறர் இகழ எளியராவது இளிவு என்றும், உற்றாரையும் இன்பம் தருவனவற்றையும் பறிகொடுப்பது இழவு என்றும், முன்னை நிலை கெட்டு வருந்துவது அசைவு என்றும் பேராசிரியர் உரை விளக்கும். வறுமையையும் அவர் பொருளின்மையாக மட்டும் கொள்ளாது, நுகரப் பெறாத உள்ளத்தின் ஏக்கமாகக் காண்கின்றார்.

இவற்றை நம் வட்டாரத்தில் வைத்துப் பார்ப்போம். ஈயமும் ரப்பரும் வாழவைத்த ஊர் கோப்பெங். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் போனபின், லயங்களைவிட்டுப் பட்டணத்து வீடுகளுக்குக் குடியேறிய குடும்பங்கள் பல, அது அசைவு. ஆறாண்டுகள் தமிழில் கற்று முதல் மாணவனாக விளங்கியவன், பதின்மூன்றாம் வயதில் மலாய்வழிப் பள்ளியில் வாய் திறவாது அமர்ந்திருப்பதும் அசைவே. அவனை 'மந்தம்' என்று நாம் அழைக்கும் கணத்தில் அசைவோடு இளிவும் சேர்ந்துவிடுகின்றது. கம்பார்ப் பல்கலைக்கழக வளாகத்திற்குக் குடும்பத்தின் முதல் பட்டதாரியாகச் செல்லும் பெண், உடன்பயில்வோர் எளிதாகத் துய்ப்பவற்றை எட்டநின்று பார்ப்பது வறுமை. நான்கிற்கும் மருந்து ஒன்றன்று. இளிவுக்கு மதிப்பு வேண்டும். இழவுக்குத் துணை வேண்டும்.

மெய்ப்பாட்டியல் செய்யுளுக்கு உரியது, நோயாளிக்கு உரியதன்று என்று சிலர் தடை எழுப்பலாம். தடை நேரியதே. உளவியல் முழுவதும் நம் முன்னோர்க்குத் தெரியும், மருத்துவர் வேண்டா என்று முழங்குவது பேதைமை. காரணம் ஏதும் புலப்படாமலும் மனச்சோர்வு வரலாம், அது நோய், அதற்கு மருத்துவம் உண்டு. இலக்கணம் தருவது மருந்தன்று, பார்க்கும் பயிற்சி. அப்பயிற்சியையோ நாம் எட்டை நான்கால் பெருக்கி முப்பத்திரண்டு என்னும் தேர்வு விடையாகச் சுருக்கிவிட்டோம். அழுகையின் காரணங்களை எழுதி முழு மதிப்பெண் பெறும் மாணவன், அழுதுகொண்டே எழுதினாலும் நம் கண்ணில் படுவதில்லை.

தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும் 309-ஆம் சட்டப் பிரிவை மலேசிய நாடாளுமன்றம் 2023-இல் நீக்கியது. துயருற்றவரைக் குற்றவாளி என்பதைச் சட்டம் கைவிட்டது. பைத்தியம் என்பதை வகுப்பறை கைவிட வேண்டாவா?

கண்ணாலும் செவியாலும் தெளிவாக உணர வல்லார்க்கன்றி மெய்ப்பாட்டின் பொருள் எட்டாது என்று கூறியே தொல்காப்பியர் அவ்வியலை முடிக்கின்றார். அந்நூற்பாவை நடத்தும் நாளில், ஆசிரியர் கரும்பலகையினின்று திரும்பிக் கடைசி வரிசையையும் ஒருமுறை நோக்குவாராக.